வடக்குச் சுவரில் ஹில்டா

அக்டோபர் 12, வியாழன்

கூடத்துச் சுவரில் எந்த இரண்டு படங்களும் ஒரே உயரத்தில் இல்லை. அவர் கை போன இடத்தில் ஆணி அடிப்பார். நான் முகம் சுளித்தால், "எவாஞ்சலின், இது வீடு, உன் ஸ்கூல் அசெம்பிளி இல்ல" என்று சிரிப்பார். அவர் போய் ஜனவரி வந்தால் இரண்டு வருடம். இனி ஆணிகள் என் பொறுப்பு.

பெங்களூரில் மருமகள் வீட்டில் பார்த்தது மனதிலேயே இருக்கிறது. கண் மட்டத்தில், சேலைக்குக் கரை போட்டதுபோல, சுவரைச் சுற்றி ஓடும் ஒரு பட்டை. மேலும் கீழும் மெல்லிய மர ரீப்பர், நடுவில் ஒரே உயரத்துக்கு வெட்டிய புகைப்படங்கள், இடையிடையே சின்னச் சின்னப் பொருட்கள். அவள் கடையில் வாங்கிய பொம்மைகளை வைத்திருந்தாள். என்னிடம் வைப்பதற்கு உண்மையான பொருட்கள் இருக்கின்றன.

நவம்பர் பத்தாம் தேதி அன்பியக் கூட்டம் என் வீட்டில். இந்தத் தெருக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு மாறி மாறிக் கூடி ஜெபிக்கும் கூட்டம். என் முறை வருவது அபூர்வம். அதற்குள் சுவர் முடிந்திருக்க வேண்டும். தச்சர் வியாகுலத்துக்குச் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 16, திங்கள்

நாள் முழுவதும் படங்களைப் பிரித்தேன். பழைய ஆல்பங்களின் பசை காய்ந்து, தொட்டாலே படங்கள் கையோடு வருகின்றன. அப்பாவின் பாக்கெட் கடிகாரம், அம்மா பூசைக்குப் போடும் லேஸ் முக்காடு, மகன் ரெஜினால்டின் ஞானஸ்நான மெழுகுவர்த்தி, அவருக்கு அஞ்சல் துறையில் கொடுத்த பதக்கம். எல்லாம் சுத்தம் செய்து வரிசையாக வைத்தேன்.

நடுவில் ஹில்டா ஃபோன் செய்தாள். என் தங்கை. ஒடிசாவில் மடத்து மருந்தகத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் கன்னியாஸ்திரியாக இருந்தவள், ஜூன் மாதம் மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். அறுபத்தாறு வயதில். இப்போது திண்டுக்கல்லில் பெண்கள் விடுதியில் தங்கி, ஒரு நர்சிங் ஹோமுக்கு வேலைக்குப் போகிறாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, திருச்சிப் பக்கமே வேலை கிடைக்கும் போலிருக்கிறது, வேறு இடம் பார்க்கும்வரை இங்கே வந்து இருக்கலாமா என்று கேட்டாள். சுவரில் வேலை நடக்கிறது, ஒரே தூசி, முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். தூசி அவளுக்கு உண்மையிலேயே ஆகாது. சிறு வயதில் இருந்தே மூச்சுத் திணறும்.

வியாகுலம் இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 20, வெள்ளி

வடக்குச் சுவருக்குக் கறுப்பு வெள்ளைப் படங்கள். கிழக்கிலும் தெற்கிலும் வண்ணப் படங்கள். இரண்டையும் கலந்தால் கண்ணுக்கு உறுத்தும். இது முழுக்க முழுக்க ரசனை சம்பந்தப்பட்ட முடிவு.

வடக்கில்: தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா, மாமனார், மாமியார், சின்ன வயதில் போன என் அண்ணன் செலஸ்டின், அஞ்சலகச் சீருடையில் இளைஞராக அவர். ஹில்டா கன்னியாஸ்திரியாக உறுதி எடுத்த அன்றைய முதல் வார்த்தைப்பாட்டுப் படமும் கறுப்பு வெள்ளை. தலையில் பூமுடி, வெள்ளை முக்காடு, கையில் எரியும் மெழுகுவர்த்தி. எங்கள் குடும்பத்தில் எடுத்த படங்களிலேயே அழகானது அதுதான். வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் அதைக் காட்டாமல் அப்பா காபி கொடுத்ததில்லை. அதை விட்டுவிட முடியாது. செலஸ்டினுக்கும் அவருக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்தது.

எங்கள் கல்யாணப் படம் அகலமாக இருப்பதால் கிழக்குச் சுவரில் ரெஜினால்டின் படங்களுக்கு நடுவே வைக்கிறேன்.

அக்டோபர் 26, வியாழன்

ரீப்பர் ஒரு முனையில் இறங்கியிருந்தது. கழற்றி மறுபடி அடிக்கச் சொன்னேன். வியாகுலம் ஏதோ முணுமுணுத்தார்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஃபாதர் மந்திரிக்கும்வரை வெயிலில் நின்றேன். பெனடிக்டா டீச்சர் குடை பிடித்தாள். எங்கள் அன்பியத்துக்குத் தலைவி; நடுநிலைப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவள். நல்ல மனுஷி, குரல்தான் கொஞ்சம் அதிகம். "சிஸ்டர் தங்கச்சி எப்படி இருக்காங்கக்கா? இந்தத் தடவை லீவுக்கு வரலையா?" என்று கேட்டாள். அந்த நேரம் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். நல்ல வேளை.

நவம்பர் 7, செவ்வாய்

சுவர் முடிந்தது. நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நூல் பிடித்ததுபோல் இருக்கிறது. அம்மாவின் லேஸை நான்காக மடித்துப் படங்களுக்கு இடையில் பொருத்தியது நன்றாக அமைந்துவிட்டது.

ஹில்டாவிடம் இரண்டு அழைப்புகள் வந்திருந்தன. கையில் பசை இருந்ததால் எடுக்கவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஆறு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். சுவரைப் பார்த்து அசந்துபோனார்கள். கீழ்வீட்டு மோனிக்கா கைப்பேசியில் படம் பிடித்தாள். அவ்வளவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாட்டு முடிந்ததும் பெனடிக்டா ஒரு யோசனை சொன்னாள். இறந்தவர்களுக்குப் பொதுவாக ஜெபிப்பதற்குப் பதில், இந்த வீட்டு ஆன்மாக்கள்தான் இங்கேயே வரிசையாக இருக்கிறார்களே, ஒவ்வொருவர் முன்னும் நின்று பெயர் சொல்லி ஜெபிப்போம். நான் மறுக்கக் காரணம் இல்லை. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வடக்குச் சுவர் ஓரமாக நகர ஆரம்பித்தார்கள். நான் பெயர் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொருவருக்கும் நித்திய இளைப்பாற்றி ஜெபம். தாத்தா. ஆச்சி. அப்பா, அம்மா. செலஸ்டினிடம் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அடுத்து யார் என்று.

பெனடிக்டா அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர். மெதுவாக என் தோளில் கை வைத்தாள். "அக்கா, சொல்லவே இல்லையே நீங்க. சிஸ்டர் எப்ப தவறினாங்க?"

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்ல ஒரு நொடி போதும். அடுத்த கேள்வி, இப்போது எந்த மடத்தில் என்று வரும். இந்தத் தெருவில் நாற்பது வருடமாக நான் சிஸ்டர் ஹில்டாவின் அக்கா.

"ஜூன்ல" என்றேன்.

ஜெபித்தார்கள். எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிக நேரம் ஜெபித்தார்கள். நானும் பதில் சொன்னேன். பிறகு சுண்டலும் காபியும் கொடுத்தேன். சுண்டலில் உப்பு குறைவு.

நவம்பர் 11, சனி

ஜூன் மாதம் அவள் மடத்தை விட்டு வந்தாள். பெனடிக்டா கேட்டதற்கு நான் ஒரு மாதத்தின் பெயரை மட்டுமே சொன்னேன். காலை முழுவதும் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் பொய்தான்.

நவம்பர் 15, புதன்

பெனடிக்டா ஃபோன் செய்தாள். அன்பியத்தார் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறார்களாம். "ஞாயித்துக்கிழமை முதல் பூசை சிஸ்டருக்காக ஒப்புக்கொடுக்கிறோம்க்கா. உபதேசியார்கிட்ட பேரு எழுதிக் குடுத்தாச்சு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், வந்து உக்காந்தா போதும்."

நன்றி சொன்னேன். பள்ளியில் எங்கள் மதர் சுப்பீரியர் சொல்லிக்கொடுத்த மாதிரி, முழு வாக்கியத்தில்.

பிறகு உபதேசியார் ராயப்பனின் எண்ணைத் தேடி எடுத்தேன். பூசையை நிறுத்தச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார். கைப்பேசியை வைத்துவிட்டு பீரோவில் துணிகளை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

நவம்பர் 18, சனி

மதியம் வாசல் மணி. ஹில்டா. கையில் ஒரு தோல்பை, ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய மலை வாழைப்பழம். "நீ ஃபோன் எடுக்கல. உடம்புக்கு என்னவோன்னு பயந்துட்டேன். அதான் வந்துட்டேன்" என்றாள்.

சாயம் போன நீலப் பருத்திச் சேலை. முக்காடு இல்லாமல் அவள் தலையை நான் கடைசியாகப் பார்த்தது அவளுக்கு இருபது வயதில். முடி வெள்ளையாக, பள்ளிக்கூடப் பையன்போல் வெட்டியிருக்கிறது. தெருவில் யாராவது பார்த்தார்களா என்று நான் எட்டிப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

கை கழுவிவிட்டுக் கூடத்தைச் சுற்றி வந்தாள். அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தாள். அம்மாவின் லேஸில் விரலை வைத்தாள். செலஸ்டினுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். தன் படத்தையும் அதன் இரு பக்கமும் இருந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தச் சுவத்துல எல்லாரும் செத்தவங்களாக்கா?"

"கறுப்பு வெள்ளைப் படம் எல்லாம் ஒரு பக்கம். அவ்வளவுதான்."

"உன் கல்யாண போட்டோவும் கறுப்பு வெள்ளைதானே" என்றாள், கிழக்குச் சுவரைக் காட்டி.

அகலம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவள் சமையலறைக்குப் போய், ராத்திரிக்கு என்ன செய்யலாம் என்று டப்பாக்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ரவை உப்புமா செய்தாள். நான் செய்வதைவிட நன்றாக இருந்தது.

நாளை அவளை வேறு கோயிலுக்கு அனுப்ப வேண்டும்.

நவம்பர் 19, ஞாயிறு

பேராலயத்தில் ஏழரைக்கு ஆங்கிலப் பூசை இருக்கிறது, நன்றாகப் பாடுவார்கள், போய் வாயேன் என்றேன். "இங்கிலீஷ்ல பாடி என்ன ஆகப்போகுது, நான் உன்கூட வர்றேன்" என்றாள். எனக்குத் தலைவலி, நான் போகவில்லை என்றேன். "அப்ப நான் மட்டும் போறேன். தெரு முனையிலதானே கோயில்." அதற்குமேல் வேறு வழி இல்லை. அவளைத் தனியாக அனுப்புவதைவிடக் கூடப் போவது மேல்.

கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி அடித்தது. ராயப்பன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்: இன்றைய திருப்பலி, மறைந்த அருட்சகோதரி ஹில்டாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்போர், அன்பியத்தார்.

நான் தலையைத் திருப்பவில்லை. அவள் உடம்பு என் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டதை உணர்ந்தேன். ஒலிபெருக்கி கோயிலுக்கு வெளியேயும் இருக்கிறது. மீன் வாங்க நிற்பவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பாட்டுகளைப் பாடினாள். இறந்தோரை நினைவுகூரும் இடத்தில் ஃபாதர் மறுபடியும் அவள் பெயரைச் சொன்னார். மற்றவர்களைப்போலவே தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஜெபமாலையைப் பைக்குள் போட்டு மூடிக்கொண்டேன்.

பூசை முடிந்து மாதா சிலை இருக்கும் கெபி பக்கம் வரும்போது பெனடிக்டாவும் மோனிக்காவும் இன்னும் சிலரும் சூழ்ந்துகொண்டார்கள். ஆறுதல் சொன்னார்கள். பிறகு பெனடிக்டா ஹில்டாவைப் பார்த்தாள். எப்போதாவது லீவுக்கு வரும்போது மடத்து உடையும் முக்காடுமாகத்தான் அவளைப் பார்த்திருக்கிறார்கள்; இந்தச் சேலையும் வெட்டிய முடியும் அவர்களுக்கு யாரோ. "இவங்க யாருக்கா?"

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை, ஏனென்றால் ஹில்டா முந்திக்கொண்டாள்.

"ஒடிசாவுல சிஸ்டர் ஹில்டா இருந்த மடத்துலதாம்மா நானும் வேலை பார்த்தேன். அக்காவைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அப்படியா. எப்படிம்மா இருப்பாங்க சிஸ்டர்?"

"கோபக்காரி. ஆனா வயித்துப்போக்குக்கு நல்லா மருந்து குடுப்பா."

லேசாகச் சிரித்தார்கள். மோனிக்கா மட்டும் அழுதுகொண்டே, "கடைசி நேரத்துல ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒருநாள் காலையில எந்திரிச்சா, கிளம்பிட்டா" என்றாள் ஹில்டா. மோனிக்காவின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். தன் சாவுக்குத் தானே ஆறுதல் சொன்னாள்.

சின்ன வயதில் என் தப்புக்காகக்கூட அவள் பொய் சொல்ல மாட்டாள். அதற்காக அவளை நான் கிள்ளியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இடியாப்பம் பிழிந்தோம். அவள் பேசுவாள் என்று காத்திருந்தேன், அவள் நான் பேசுவேன் என்று காத்திருந்திருப்பாள். தேங்காய்ப்பால் திரிந்துபோனது. கடைசியில் அவள்தான் தட்டைக் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள்:

"உனக்காகத்தான்க்கா சொன்னேன். எனக்கு இது புதுசு இல்ல. லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த போட்டோவாத்தான் இங்க வந்து உக்காந்துட்டுப் போனேன்."

நவம்பர் 20, திங்கள்

காலைப் பேருந்துக்குக் கிளம்பினாள். வாழைப்பழக் கூடையை எனக்கே வைத்துவிட்டாள். "செத்தவளுக்கு ரூம் எதுக்கு, விடு" என்று சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

போகாதே என்று சொல்லவில்லை. ஆட்டோ திரும்பும்வரை கதவுக்கு உள்பக்கமே நின்றேன். வாசலுக்குப் போயிருந்தால் மோனிக்கா பார்த்திருப்பாள்.

நவம்பர் 21, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

நவம்பர் 22, புதன்

ஹில்டாவின் படத்தைக் கிழக்குச் சுவருக்கு மாற்றலாம் என்று கழற்றினேன். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அங்கே மாட்டினால் அடுத்த முறை வருகிறவர்கள் கேட்பார்கள். திரும்ப இங்கேயே வைத்தால் நான் அவளை இரண்டாவது முறை சாகடித்தவள் ஆவேன். படத்தை மேசை டிராயரில் வைத்தேன். சுவரில் இப்போது ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. எத்தனை அளந்து செய்தேன்.

இந்த வயதில் எனக்கு இப்படி முகம் எரியும் என்று நினைத்ததில்லை. பள்ளியில் ஒருமுறைகூட நான் தண்டனை வாங்கியதில்லை.

நவம்பர் 24, வெள்ளி

அன்பியக் கூட்டம் பெனடிக்டா வீட்டில். போகாமல் இருந்துவிடலாம் என்று மதியம்வரை நினைத்தேன். பிறகு குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, போனேன்.

வாசகம் முடிந்து மன்றாட்டு ஆரம்பித்தது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டைச் சொல்ல வேண்டும். ஒருவருக்குப் பேரனின் தேர்வு. ஒருவருக்கு முழங்கால். மோனிக்காவுக்குத் தண்ணீர் வரி விவகாரம். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். என் முறை வந்தது. சொல்ல வேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்திருந்தேன், பேச்சுப் போட்டிக்குச் செய்வதுபோல.

"என் தங்கை ஹில்டா உயிரோடு இருக்கிறாள். ஜூன் மாதம் அவள் மடத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, அவள் இறந்துவிட்டதாக உங்களை நம்பவைத்தேன். என்னை மன்னிக்கும்படி ஆண்டவரை மன்றாடுகிறேன்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சொன்னார்கள். பழக்கம். அடுத்து உட்கார்ந்திருந்தவர் மகளின் கல்யாணத்துக்காக மன்றாட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

பெனடிக்டா மடியில் இருந்த பைபிளை மூடினாள்.

"அப்ப, அன்னிக்கு பூசையில உங்க பக்கத்துல நின்னது?" என்றாள் பெனடிக்டா. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"அவதான்."

"நான் அவங்ககிட்டயே கேட்டேனேக்கா. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

மோனிக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். வயதான ஒருவர், உயிரோடு இருப்பவளுக்கு இறந்தோர் பூசை ஒப்புக்கொடுத்தால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பயத்தோடு விசாரித்தார். பெனடிக்டா ஜெபத்தை முடித்து வைத்தாள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், மரியாதையாக, முகத்தைப் பார்க்காமல். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் முடியாது. வழக்கமாகத் தெரு முனைவரை கூட வருவாள். இன்று தனியாக நடந்து வந்தேன்.

நவம்பர் 25, சனி

ஹில்டாவுக்கு ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் கேட்டேன். ஜூனில் இருந்து இன்றுவரை ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்வி. "ஏன் ஹில்டா வெளியே வந்தே?"

"இப்பத்தான் கேக்கிறே நீ" என்றாள்.

சொன்னாள். வெகுநேரம் பேசினாள். நான் குறுக்கே பேசவில்லை. அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது.

இங்கே வந்து இரு என்றேன். தூசி எல்லாம் போய்விட்டதா என்று கேட்டாள். பிறகு அவளே, "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்று வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. யோசிக்கத்தான் போகிறாள் என்று தோன்றுகிறது. வராமலும் இருக்கலாம்.

சாயங்காலம் பின்னறையைத் திறந்து பெருக்கினேன். மெத்தையைத் தட்டிப் போட்டு, புது விரிப்பு விரித்தேன். அலமாரியில் இருந்து தலையணைகளை எடுத்தபோது கை நின்றுவிட்டது. போன வாரம் இரண்டு இரவு அவள் இந்தக் கட்டிலில்தான் தூங்கினாள். ஒரு தலையணை வைத்துத் தூங்குவாளா, இரண்டா? நான் கவனிக்கவே இல்லை.